கீரி முழுவியளம்

பயப்படுவதற்கு எனக்குக் காரணமே தேவையில்லை. போன வருடம் பதினொரு முட்டை வைத்துக் கோழியை அடைக்கு இருத்தினேன். இடி முழங்கினால் முட்டை கூழாகிவிடும் என்று எல்லோரும் அடைவைக்கும் ஓலைக் கடகத்தில் ஓர் இரும்பாணி போடுவார்கள். நான் மூன்று போட்டேன். முந்தின அடையில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை.

கோழி அடையிருந்த விறகுக் கொட்டிலின் கூரையில் மரநாய் குடியிருந்தது. காலையில் ரம்பை இலை போட்டுச் சோறு அவித்த மாதிரி அங்கே ஒரு மணம் நிற்கும். அது மூக்கில் பட்டாலே எனக்கு நெஞ்சு அடிக்கும். பொழுதுபட்டதும் கொட்டில் கதவைக் கயிற்றால் கட்டுவேன். விடிந்ததும் திறந்து விடுவேன். திறக்கிற நேரம் வேலியோரமாக ஒரு கீரி ஓடும். கீரி நல்ல முழுவியளம், அதில் விழித்தால் அன்றைய நாள் நன்றாக இருக்கும் என்பார்கள். நானும் மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.

பத்தாம் நாள் முட்டை ஒன்பதுதான் இருந்தது. மரநாய்தான் என்று பக்கத்து வளவு அக்காவிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவர் அதன் எச்சத்தை ஈர்க்கால் கிளறிக் காட்டினார். முழுக்கப் பப்பாசி விதை.

"பிள்ளை, இரவிலை வாறவனை விடும். பகலிலை ஆர் வாறது எண்டு பாரும்."

அன்று மத்தியானம் யன்னலால் பார்த்தேன். என் கீரி ஒரு முட்டையை முன்னங்கால்களால் பிடித்து, கிணற்றுக்கட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னங்கால்களுக்கு இடையால் எறிந்து உடைத்தது. கத்த வாய் திறந்தவள் சிரித்துவிட்டேன்.

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு விலங்குப் பாடம் அன்றுதான் நடந்தது. மரநாய் இரவில் மரமேறிப் பழம் தேடும், வாய்த்தால் கோழியும் பிடிக்கும். கீரி பட்டப்பகலில் நிலத்தோடு ஓடி அகப்பட்டதை எல்லாம் தின்னும். மரநாய் நாயில்லை, கீரிப்பிள்ளை பிள்ளையுமில்லை.

"இவ்வளவு நாளும் நீ கும்பிட்டது கள்ளனையெல்லோ," என்று கணவர் இரண்டு நாள் சிரித்தார். சிரித்தபடியே கதவுக்குக் கம்பிவலை அடித்துத் தந்தார். அதன் பிறகு இரவும் பகலும் பூட்டுத்தான்.

இருபத்தோராம் நாள் காலை கதவடிக்குப் போனேன். கீரி வேலியோரம் ஓடியது. நான் பூட்டைத் திறந்தேன். உள்ளே கோழியின் செட்டைக்குக் கீழிருந்து ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று.

"முழுவியளம் பொய்யே?" என்றார் பின்னால் நின்ற கணவர்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு முட்டைக்கு எட்டுக் குஞ்சு. பயத்தில் இன்னொரு தரம் எண்ணினேன். எட்டேதான்.