ஒரு சொட்டு விட்டுப்போயிருந்தால்

ஆஸ்பத்திரி லேபில் அவளுக்குப் 'போட்டாச்சு அக்கா' என்று பெயர். ரத்த மாதிரி உள்ள சோதனைக் குழாயில் சாயத்தை விட்டதும் "போட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்த குழாயைத் தொடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்த முறையல்ல. ரத்தத்துக்குள் அந்தச் சின்னச் சொட்டு விழுந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் அவளாகவே பழகிக்கொண்டது. கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அவள் கையில் ஒரு சொட்டு தவறியதாகப் பேச்சில்லை.

கொழுந்தனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அதை அவனுக்குப் புரியவைத்ததும் அவள்தான். நோயை எதிர்க்கவேண்டிய வெள்ளை அணுக்களில் ஒரு கூட்டம் கெட்டுப்போய்ப் பெருகிவிட்டது; அவற்றின் மேற்பரப்பில் ஒரு புரதம் உண்டு; புது மருந்து அதை அடையாளம் பார்த்துக் கொல்லும் என்றாள்.

"சிவப்புச் சட்டைக்காரனைப் பாத்துப் பாத்துப் பிடிக்கிற போலீஸ் மாதிரியா அண்ணி?"

அதேதான் என்றாள். மருந்து வேலை செய்தது. உடம்பு தேறி வேலைக்குக்கூடப் போய்வந்தான். பிறகு மறுபடி காய்ச்சல் வந்தது.

வீட்டு ஆள் ரத்தத்தை நீங்கள் தொடவேண்டாம் என்று பக்கத்து மேஜைக்காரி எவ்வளவோ சொன்னாள். இவள் கேட்கவில்லை.

திரையில் ஒவ்வொரு அணுவும் ஒரு புள்ளி. அந்தப் புரதம் இருந்தால் சாயம் ஒட்டி, புள்ளி வலப்பக்கம் போய் நிற்கும். வலப்பக்கம் காலியாக இருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் இடப்பக்கத்தைப் பார்த்தாள். கெட்ட அணுக்களுக்குரிய மற்ற அடையாளங்களோடு புள்ளிகள் ஈ மொய்ப்பதுபோல் அப்பிக்கிடந்தன. அந்தப் புரதம் மட்டும் இல்லை. ஒன்று, அவள் அந்தச் சாயத்தை விட மறந்திருக்க வேண்டும். இல்லையென்றால், புரதம் இல்லாத அணுக்கள் மருந்துக்குத் தப்பிப் பெருகியிருக்க வேண்டும்.

"நான் போட்டாச்சுன்னு சொன்னேனா?"

"சொன்னீங்களே அக்கா," என்றாள் பக்கத்து மேஜைக்காரி, தலை நிமிராமல்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்த பிறகு, "சரியா கவனிக்கலை அக்கா. இன்னொரு தடவை போட்டுப் பாருங்க," என்று மாற்றிச் சொன்னாள்.

தன் கை தவறியிருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவள் வேண்டிக்கொண்டாள். புதுக் குழாயில் மறுபடி போட்டாள். அதே சாயத்தை வேறொருவர் ரத்தத்திலும் விட்டாள். அதில் புள்ளிகள் உரிய இடத்தில் போய் நின்றன. கொழுந்தனுடையதில் வலப்பக்கம் அப்படியே காலி.

வெளியே பெஞ்சில் அவன், ரத்தம் எடுக்க மடித்துவிட்ட சட்டைக்கையை இறக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"என்ன அண்ணி, மாட்டினானா?"

"டாக்டர் சொல்லுவாருப்பா."

எதையும் அவனிடம் முதலில் சொல்கிறவள் அவள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"சட்டையக் கழட்டிட்டானாக்கும்," என்றான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ச்சலில் கொதித்த அவன் கையை மடியில் வைத்துச் சட்டைக்கையை இறக்கிவிட்டாள். மணிக்கட்டுப் பொத்தான் நழுவி நழுவி ஒருவழியாகத் துளையில் ஏறியது. அவள் வழக்கமாகச் சொல்வதை அவனே மெதுவாகச் சொன்னான்:

"போட்டாச்சு."