பூனை கக்கிய மருந்து

அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடந்த பொருள் என் நடுவிரல் நீளம் இருந்தது. ஈரச் சாக்கின் நிறம். முடி முடியாய், திரித்து உருட்டியதுபோல, அண்ணனின் செருப்புக்குப் பக்கத்தில் நேராகக் கிடந்தது. பெருக்க வந்த அம்மா குனிந்து பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"மருந்துடி! எம்புள்ளைக்கு மருந்து வெச்சுட்டா."

அரியலூர்ப் பக்கம் அந்த மருந்து எதுவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவனைத் தன் சொல்லுக்கு ஆட்டிவைக்க நினைப்பவள் சோற்றில் எதையோ கலந்து கொடுப்பாள். அது செரிக்காது. வயிற்றில் ஓரமாக ஒட்டிக்கொள்ளும், முடி முளைக்கும், வளரும். தின்றவனுக்குச் சோறு இறங்காது. பெற்றவள் முகம் பிடிக்காது. மருந்து எடுப்பதற்கென்றே ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா இருந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் பார்ப்பார். வயிற்றைத் தடவித் தடவி, கடைசியில் வாய்வழியாக முடி சுற்றிய உருண்டை ஒன்றை வெளியே வரவழைத்துக் காட்டுவார் என்று பேச்சு.

அண்ணன் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றின் ஆபீசில் வேலை பார்த்தான். கல்யாணமாகி ஆறு மாதம். அப்பா இல்லாத வீட்டில் அம்மா அவனை எப்படி வைத்திருந்தாள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவன் சாயங்காலமானால் நேரே அண்ணியிடம் போய்விடுவான். போதாக்குறைக்கு ஒரு வாரமாக வயிற்று வலி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை வாந்தி. காரணம் எனக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டு பரோட்டா. அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அன்று காலை வேறு வழியில்லாமல் அவனே சொல்லிவிட்டான்.

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பரோட்டாவுல முடி மொளைக்குமாடா?"

அம்மா ஒரு குச்சியால் அந்த உருண்டையைப் புரட்டினாள். அதிலிருந்து நீளமான ஒரு கூந்தல் முடி வந்தது. கூடவே வாழைநார் ஒரு துண்டு, பூத்தொடுக்கிற நார். எங்கள் வீட்டில் பூ வைத்துக்கொள்பவள் அண்ணி ஒருத்திதான். அம்மா வைப்பதில்லை. எனக்குத் தலையில் எது இருந்தாலும் அரிக்கும்.

அண்ணி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கையில் கரண்டி.

"நான் சோத்துல உப்பத் தவிர எதையும் போட்டதில்லீங்க அத்தை."

"வெள்ளிக்கெழம தெரிஞ்சுடும்," என்றாள் அம்மா. "மருந்து வந்துச்சுன்னா அன்னைக்கே நீ உங்கம்மா வீட்டுக்குக் கீழப்பழுவூரு பஸ் ஏறணும். அதுவரைக்கும் என் அடுப்பாண்ட வராத."

அண்ணி கரண்டியை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். அந்த ஜெயங்கொண்டத்து அம்மாவிடம் போய் மருந்து வராமல் திரும்பியவர் என்று ஒருவரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. அப்படியென்றால் அண்ணிக்கு இந்த வீட்டில் நான்கு நாள்தான் பாக்கி.

நான் அப்போது பிளஸ் ஒன், உயிரியல் குரூப். எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாத ஜாதி. உப்பும் மிளகாயும் சுற்றி முச்சந்தியில் எறிய வேண்டும் என்று அம்மா சொன்னதும், "நான் எறிஞ்சுட்டு வரேம்மா," என்று முந்திக்கொண்டேன். பேப்பரில் அள்ளினேன். வாசலைத் தாண்டினேன், பக்கவாட்டுச் சந்து வழியாகத் திரும்பி மொட்டைமாடிக்கு ஏறிவிட்டேன்.

மாடிப்படி முடிகிற இடத்தில் எனக்கென்று ஒரு பலகை உண்டு. அண்ணன் குவாரியிலிருந்து கொண்டுவந்து தந்த கற்கள் அதில் இருக்கும். நத்தைபோலச் சுருண்ட கல், சிப்பி வரிகள் அச்சாகப் பதிந்த கல். நம் ஊர் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்ததாம். கோடையில் குடத்தோடு தெருத்தெருவாக அலைகிற ஊர், கடல்! அந்தக் கற்களைப் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தேன். பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி உருண்டையைப் போட்டேன். ஹேர்பின்னால் பிரித்தேன்.

சாதாரணமாகப் பிரியவில்லை. யாரோ உட்கார்ந்து பாய் பின்னியதுபோல முடிக்குள் முடி புகுந்து இறுகியிருந்தது. ஓரத்தில் ஒன்றை இழுத்தால் பத்து கூடவே வந்தது. உள்ளே போகப் போக இன்னும் மெல்லிசு, இன்னும் நெருக்கம். ஒரு புல் துண்டு மடங்கிக் கிடந்தது. ஒரே ஒரு முடியைத் தனியே எடுத்து நகத்தில் ஒட்டிக் கண்ணாடி வைத்தேன். நுனி கறுப்பு. அதற்குக் கீழே வெளிறிய மஞ்சள். அடியில் சாம்பல். இமை முடி அளவுகூட இல்லாத அதில் மூன்று நிறம், கோடு கிழித்துப் பிரித்ததுபோல! அடுத்த முடியும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நிஜமாகத்தான், என் கையில் இருந்த முடியெல்லாம் எழுந்து நின்றது.

மாடிச் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது அண்ணியின் வரிப்பூனை. அதன் முதுகிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினேன். அது என்னை ஒரு அறை அறைந்தது. கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். கறுப்பு, மஞ்சள், சாம்பல்.

இத்தனை நாள் யாருக்கும் ஏன் இது தோன்றவில்லை என்று கேட்கலாம். எங்கள் தெருவில் பூனைகள் ஏராளம். ஆனால் எல்லாம் ஓட்டின்மேல் திரியும் பூனைகள். அவை கக்குவதும் ஓட்டின்மேல்தான். கூடத்துக்குள் படுத்துறங்கிய முதல் பூனை இதுதான். மூன்று மாதம் முன்பு அண்ணி தன் அம்மா வீட்டிலிருந்து கூடையில் வைத்து டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தாள்.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். "அம்மா, அது பூனை முடி! நான் பார்த்துட்டேன். மருந்தும் இல்ல மண்ணும் இல்ல!"

"முச்சந்தியில எறியச் சொன்னத மாடியில வெச்சுக் கொஞ்சிக்கிட்டு இருந்தியாடி?" கையில் கிடைத்த முறத்தால் முதுகில் ஒன்று விழுந்தது. பிறகு அம்மா நிதானமாகச் சொன்னாள்: "பூனை முடியத்தான்டி மருந்துல வெப்பாளுவ. பூனையக் கொண்டாந்தது யாரு?"

அண்ணியைக் காப்பாற்ற ஓடிவந்த நான்தான் அவளைக் குழிக்குள் இன்னும் ஒரு முழம் இறக்கியிருந்தேன். கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணிக்கு எல்லாம் கேட்டிருக்கும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நல்லாப் படிக்கிற பாப்பா நீ," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு முறத்தடி தேவலை.

அம்மா கண்முன்னால் பூனை கக்கினால் மட்டுமே விடிவு. அதனால் செவ்வாயும் புதனும் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பூனையின் பின்னாலேயே அலைந்தேன். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராதவள் நான். பூனையோ உட்காருவதற்கென்றே பிறந்தது. உட்கார்ந்து என்ன செய்கிறது? நக்குகிறது. சாப்பிட்டால் நக்குகிறது, தூங்கி எழுந்தால் நக்குகிறது, நான் தொட்டுவிட்டால் தொட்ட இடத்தைத் தேடி நக்குகிறது. தோளில் தொடங்கும், விலாவுக்கு வரும், ஒரு காலைத் தூணாக நிமிர்த்திவிட்டு அடிவயிற்றுக்குப் போகும். உடம்பில் ஒரு அங்குலம் விடாது.

உள்ளங்கையில் கொஞ்சம் பால் தடவி அதை நக்கவிட்டேன். தேங்காய்த் துருவிபோல அறுத்தது. கொட்டாவி விட்டபோது பூதக்கண்ணாடியோடு குனிந்தேன். நாக்கு முழுக்க வெள்ளை முட்கள், ஒவ்வொன்றும் தொண்டைப் பக்கமாக வளைந்து. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிக்கிய முடியை அதனால் துப்ப முடியாது. சீப்பே வாய்க்குள் இருக்கிறது, அந்தச் சீப்பின் பற்கள் உள்நோக்கி இருக்கின்றன. உதிர்கிற முடியெல்லாம் நாள் முழுக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் மற்ற வழியே போய்விடும்போல. மிச்சம் அங்கே இருட்டில் யாரும் பார்க்காமல் பாயாகப் பின்னப்படுகிறது. சுத்தமாக இருப்பதற்கு ஒரு உயிர் கொடுக்கும் விலை அது! என் கற்களைப் பார்க்கும்போது வருகிற அதே மலைப்பு, இந்தத் தடவை மடியில் கனத்துக்கொண்டு கர்ர் என்றது.

இன்னொன்றும் பார்த்தேன். காலையில் அண்ணி தலைவாரி எறிந்த வாடிய பூச்சரத்தைப் பூனை கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் போய் மென்றது. திங்கட்கிழமையிலிருந்து அண்ணி பூ வைக்கவில்லை, இது ஞாயிற்றுக்கிழமைச் சரம். அவள் கூந்தல் காயவைக்கும்போது பூனை பின்னாலிருந்து அதையும் நக்கியது. நாரும் நீள முடியும் உள்ளே போன வழி தெரிந்துவிட்டது.

புதன் மதியம் கொல்லையில் பூனை அறுகம்புல்லைக் கடித்துத் தின்றது. திடீரென்று பம்மியது. கழுத்தை நீட்டி, விலா இரண்டும் உள்ளே போக, ஹக், ஹக் என்றது.

"அம்மா! ஓடியாங்க! வருது வருது!"

அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். வந்தது கொஞ்சம் மஞ்சள் நுரையும் இரண்டு புல்லும்.

"இதப் பாக்கவாடி உலையக் கொதிக்க வுட்டுட்டு வந்தேன்?"

வியாழக்கிழமை கடைசி முயற்சியாக மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளியே ஏழெட்டு மாடு, ஒரு கிடா. நடுவில், மாடியில் ஒளித்துவைத்திருந்த அந்த முடியைப் பாட்டிலில் போட்டு ஏந்திக்கொண்டு நான். டாக்டர் பாட்டிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"பூனைக்குன்னு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த மொத ஆளு நீதாம்மா. எப்பவாவது இப்படிக் கக்குறது அதுக்கு வழக்கம்தான், பயப்படாத. கக்கப் பாத்தும் ஒண்ணும் வராம, தீனி எடுக்காம, வயிறு உப்பிக் கெடந்தா மட்டும் தூக்கிட்டு வா. நாரு கீரு திங்க விடாத, அது குடல்ல சிக்கிக்கும்."

வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அம்மா கேட்டாள்: "மருந்து வெக்கிறதப் பத்தி மாட்டு டாக்டருக்கு என்னடி தெரியும்?" அண்ணி கட்டிலுக்கடியிலிருந்து தன் தகரப்பெட்டியை இழுத்துத் தூசி துடைத்தாள். அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தான். அவன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முதல் பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போவதாக ஏற்பாடு. மாடிப்படியில் பல் துலக்கிக்கொண்டிருந்த எனக்குக் கீழே கூடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஹக். ஹக். அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். வாய் நிறையப் பேஸ்ட் நுரை. எட்டிப் பார்த்தேன்.

அம்மா ஏற்கெனவே அங்கே இருந்தாள். கோலமாவு டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பூனைக்கு எதிரே குந்தியிருந்தாள். பூனை தரையோடு தரையாக ஒடுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி, உடம்பு முழுவதையும் ஓர் அலையாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அம்மாவின் கை தன்னாலே போய் அதன் முதுகைத் தடவியது. எனக்கும் அண்ணனுக்கும் வாந்தி வந்தால் தடவுகிற அதே தடவல்.

"கக்கிடு... கக்கிடு... அவ்ளோதான், அவ்ளோதான்டி கண்ணு..."

வந்தது. நீளமாக, சாக்கு நிறத்தில், வாயிலிருந்து தரைக்கு. ஒரு நுனியில் நார் தொங்கியது. பூனை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலடி நகர்ந்து உட்கார்ந்து தோளை நக்க ஆரம்பித்தது.

அம்மா குச்சி தேடவில்லை, பேப்பர் தேடவில்லை. வெறும் விரலால் அதை எடுத்தாள். அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கண்ணாடியக் கொண்டுவாடி."

கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் ஒரு முடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். முதலில் கண்ணாடியைத் தப்பான தூரத்தில் வைத்திருந்தாள். நகர்த்திக் காட்டினேன். அம்மாவின் உதடு மெல்லப் பிரிந்தது.

"எம்மாடி... ஒரு முடியில இத்தினி கோடா? யாருடி உக்காந்து போட்டது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்றைக்கு, காலேஜில் விலங்கியல் இரண்டாம் வருடம் படிக்கும்போதும், அந்தக் கேள்விக்கு அதைவிட நேர்மையான பதில் என்னிடம் இல்லை.

அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா."

"எந்த பஸ்ஸு? ஆபீஸ் போற வழியப் பாரு. இன்னொரு தடவை பரோட்டா கடைப் பக்கம் போன, கால ஒடிப்பேன்."

அண்ணி உள்அறை வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டில்மேல் பெட்டி திறந்தபடி இருந்தது. அம்மா கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், இன்னொரு தடவை துடைத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"வாடின பூவக் கீழ போடாத. நாரு குடல்ல சிக்கிக்குமாம். டாக்டரே சொல்லியிருக்காரு."

அண்ணி நகரவில்லை. அம்மா வாசலுக்குப் போய்க் கோலமாவை எடுத்தாள், புள்ளி வைக்கக் குனிந்தவள் குனிந்தபடியே சொன்னாள்:

"அடுப்புல கொழம்பு கொதிக்குது. நான் இன்னும் உப்பு போடல."



"எவ்ளோ போடட்டுங்க அத்தை?" அண்ணியின் குரல் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது.

"உனக்குத் தெரியாதாக்கும்," என்றாள் அம்மா.

அண்ணி அடுக்களைக்குள் போனாள். பூனை நக்குவதை நிறுத்தி, வாலை நிமிர்த்திக்கொண்டு அவள் பின்னாலேயே போனது.