ஒரு கல்லீரல் கேட்டு ஓடினேன்

என் தங்கை செல்வராணியின் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் கவனித்தவள் என் மனைவி மெர்சி. போன வருடத்துக்கு முந்தின வருடக் கிறிஸ்துமஸ் அன்று, அம்பாசமுத்திரத்தில் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "ஏ செல்வி, கண்ணக் காட்டு" என்றாள் மெர்சி. காட்டினாள். அதற்குப் பிறகு யாருக்கும் சோறு இறங்கவில்லை.

செல்வி பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. குடிக்காதவளுக்கு ஈரல் எப்படிக் கெடும் என்று எங்களைக் கேட்காதவர் இல்லை. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவள் உடம்பே அவள் கல்லீரலைப் பகையாக நினைத்துத் தின்கிறது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து கொஞ்ச காலம்தான் தாங்கும், வேறு கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள்.

அவள் கணவர் தாசனின் ரத்தம் சேரவில்லை. என் ரத்தம் சேர்ந்தது. ஒருவர் கல்லீரலில் பாதியை வெட்டிக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் அது வளர்ந்துவிடுமாம். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆண்டவரை ஸ்தோத்திரித்தேன். மறுநாள் என்னை ஸ்கேன் எடுத்தார்கள்.

எனக்குப் பாளையங்கோட்டையில் பேக்கரி. விற்றது போக மிச்சம் என் வயிற்றுக்குள் போகும். அப்படி இருபது வருட வியாபாரம். டாக்டரம்மா ஸ்கேன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க லிவர் முழுக்கக் கொழுப்பு. இதை வெட்டினா நீங்களும் பிழைக்க மாட்டீங்க, உங்க தங்கச்சியும் பிழைக்க மாட்டாங்க. குறைச்சுட்டு வாங்க. சீக்கிரம் வாங்க" என்றார்.

கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு தாகத்தில் சாகிறவளைப் பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது. நான் தின்ற ஒவ்வொரு கேக்கும் என் தங்கையின் உயிருக்குக் குறுக்கே நின்று மறித்ததாக நினைத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

என் கடைக்கு எதிரே ஒரு பேனர் தொங்கியது. தை மாதம் நடந்து முடிந்த பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தின் பேனர். யாரும் அவிழ்க்கவில்லை. தினமும் அதைப் பார்த்தபடி கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் என்ன வந்ததோ, எழுந்து நின்று பொருத்தனை, அதாவது ஆண்டவருக்கு நேர்ச்சை, பண்ணிவிட்டேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் பொருத்தனை என்றால் சேவல், தென்னங்கன்று, பிள்ளையின் முதல் மாதச் சம்பளம், இப்படித்தான் இருக்கும். நான் சொன்னது: "ஆண்டவர் என் கல்லீரலைச் சுத்தமாக்கித் தரட்டும். அடுத்த தை மாதம் அந்தப் பத்து கிலோமீட்டரையும் ஓடி முடிக்கிறேன்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் சபை நடுவில் சொன்ன பொருத்தனையைத் திரும்ப எடுக்க முடியாது. அதற்காகத்தான் அங்கே வைத்துச் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தேன். எங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் நெஞ்சு அடைத்தது. மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மெர்சி ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தாள்.

"ஏங்க, இது ஓட்டமா? அந்தச் சொறி நாய் ஒங்களத் தாண்டிப் போயி திரும்பியும் வந்துட்டு."

"நீ வீட்டுக்குப் போ."

"நான் போயிட்டா நீங்க டீக்கடைக்குப் போவிய. பைய நடங்க, பெறவு ஓடுங்க."

அவளுடைய கிண்டலில்தான் அந்த மாதங்கள் கழிந்தன. கொக்கிரகுளம் ஆற்றுப் பாலம் வரைக்கும் போய் வர வேண்டும் என்பது முதல் குறி. முட்டி வீங்கியது, கணுக்கால் பிசகியது. ஓட ஓட ஜெபித்தேன். மூச்சை இழுக்கும்போது இயேசுவே, விடும்போது செல்வி. அதற்கு மேல் வார்த்தை வராது. அதற்கு முன்பு நான் அவ்வளவு உண்மையாக ஜெபித்ததே இல்லை.

அப்போதுதான் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலம் வந்தது. தங்கைக்காக எங்கள் சபையும் அம்பாசமுத்திரம் சபையும் சங்கிலி உபவாசம் எடுத்தார்கள். ஒரு வீடு மாற்றி ஒரு வீடு, ஒவ்வொரு நாளும் யாராவது சாப்பிடாமல் ஜெபிப்பார்கள். நான் மட்டும் எல்லா நாளும் எடுத்தேன். காலையில் கடுங்காப்பி, ஓட்டம், பிறகு சூரியன் சாயும் வரைக்கும் தண்ணீர். உபவாசத்துக்கு உபவாசமும் ஆச்சு, உடம்புக்கு உடம்பும் ஆச்சு என்று கணக்குப் போட்டேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "என்ன அண்ணாச்சி, பாதியாயிட்டிய! கர்த்தர் நடத்துதாரு" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடும்போது கண் இருட்டிக்கொண்டு வந்ததை மெர்சியிடம்கூடச் சொல்லவில்லை. அதையும் ஆண்டவருக்குக் காணிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் முடிந்ததும் மதுரைக்குப் போனோம். சங்கீதம் பாடிக்கொண்டு போனேன் என்றே சொல்லலாம். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிடுறீங்களா இல்லையா?" என்று கேட்டார். உபவாசத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பட்டினி கிடந்து இவ்வளவு வேகமா இளைச்சா, உடம்புல கரையுற கொழுப்பெல்லாம் லிவருக்குத்தான் போகும். முன்னைவிட வீங்கியிருக்கு. முதல்லேருந்து ஆரம்பிங்க சார்."

வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஆண்டவரிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. உமக்காகத்தானே பட்டினி கிடந்தேன், எனக்கு ஏன் இந்த அடி என்று கேட்டேன். பதிலே வரவில்லை. பல வாரங்கள் வரவில்லை. விசுவாசிகளே, சாட்சி சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் தாண்ட மாட்டேன். வானம் பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடினேன், வாய் மட்டும் அசைந்தது.

திரும்பவும் ஓடினேன். இந்த முறை சாப்பிட்டுவிட்டு ஓடினேன். அவித்த பயறு, முட்டை, காய், அளவாகச் சோறு. மெர்சி தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருவாள். இளைப்பது நின்றுபோன மாதிரி இருந்தது. ஆனால் பாலத்தைத் தாண்டி ஓட முடிந்தது.

சாரல் பிடிக்கிற சமயத்தில் தங்கையைப் பார்க்க அம்பாசமுத்திரம் போனேன். காலையில் வாய்க்கால் கரையில் ஓடிவிட்டு வந்தேன். செல்வி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வயிறு நீர் கோத்துப் பெருத்திருந்தது. கையும் காலும் குச்சி.

"அண்ணே, போதும்ணே. ஒனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா மைனி என்னச் சும்மா விடுவாங்களா?"

"நீ பேசாம இருட்டி. ஒங்க மைனிதான் என்னய வெரட்டுதா."

சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "நான் போயிட்டா பிள்ளையளப் பாத்துக்கிடுவியாண்ணே?" என்றாள். கண்டபடி ஏசிவிட்டேன். ஏசிவிட்டு, குளிக்கப் போகிறேன் என்று சொல்லி மறுபடியும் வாய்க்கால் கரைக்கே போய் அழுதேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வெட்கமெல்லாம் போய் வெகு நாளாகியிருந்தது.

ஆடி மாதக் கடைசியில் தாசன் போன் பண்ணினார். செல்வி காலையிலிருந்து பெரிய மகளை அடையாளம் தெரியாமல் விழிக்கிறாள் என்றார். மதுரைக்குக் கொண்டு போவதற்குள் நினைவு தப்பிவிட்டது. எனக்கு அவசரமாக ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மாவின் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு வாடியது.

"ரொம்ப நல்லாக் குறைஞ்சிருக்கு. ஆனா இன்னும் போதாது. ஒரு ஒன்றரை மாசம் இருந்தா எடுத்திருப்பேன்."

ஒன்றரை மாதம். லெந்து காலத்தில் பட்டினியில் நான் தொலைத்தது அதைத்தான்.

"எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லம்மா, வெட்டுங்க" என்று அவர் காலில் விழப் போனேன். "உங்களைக் கொன்னு அவங்களையும் கொல்ல என்னால முடியாது" என்று எழுந்து போய்விட்டார். வேறு யாராவது இறந்து, அவர்கள் வீட்டார் சம்மதித்துக் கொடுத்தால் உண்டு. அந்தப் பட்டியலிலும் செல்வியின் பெயரை முன்பே பதிந்திருந்தார்கள். இரண்டு நாளைக்கு மேல் தாங்காது என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் முழங்காலில் நின்றேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் என்னைச் சுற்றிப் போனார்கள். "ஆண்டவரே, எப்படியாவது ஒரு கல்லீரல் தாரும்" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மறுநாள் காலையில் கிடைத்துவிட்டது. எங்கேயோ ஒரு சாலையில், மோட்டார் சைக்கிளில் போன பையன். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவும் நர்ஸ் ஒருத்தி வாய் தவறிச் சொன்னது. நான்கு பேர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடி வந்தார்கள். மெர்சி "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று கத்தி அழுதாள். தாசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கல்லீரல் தாரும் என்று கேட்டேனே, அது எந்த மரத்தில் காய்க்கும்? அதே நேரத்தில் வேறொரு ஆஸ்பத்திரிப் படியில் ஒரு தாய் முழங்காலில் நின்று, எப்படியாவது என் மகனைத் தாரும் என்று கேட்டிருப்பாளே.

செல்வி பிழைத்தாள். மெதுவாக, காய்ச்சலும் வலியுமாக, பிழைத்தாள். கண் வெளுத்தது. பிள்ளைகளின் பெயரைச் சொன்னாள்.

எங்கள் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். ஜெபக்குழுவின் எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்து, "பாத்தியளா அண்ணாச்சி, கர்த்தர் ஏத்த வேளையில லிவர அனுப்பி வச்சிட்டாரு!" என்றார்கள். என் தங்கைக்காக எத்தனையோ நாள் பட்டினி கிடந்து ஜெபித்த அம்மாள். ஆனாலும் என் வாய் நிற்கவில்லை.

"எங்கயிருந்து அனுப்புனாரு அக்கா? வானத்துலயிருந்தா விழுந்துச்சு? ஒரு தாய் அவ பிள்ளைய அறுக்கச் சொல்லிக் குடுத்தாக்கா."

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. குருவானவர் பீடத்திலிருந்து இறங்கி என் அருகில் வந்தார். "நீங்க கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அந்தத் தாய்க்காக ஜெபிப்போமா?" என்று மட்டும் கேட்டார். எஸ்தர் அக்காதான் முதலில் முழங்கால் போட்டார்கள். அந்த அம்மாவுக்காக அவர்கள் அழுது ஜெபித்தது போல யாரும் ஜெபித்து நான் கேட்டதில்லை. ஈஸ்டரிலிருந்து எனக்குப் பூட்டிக் கிடந்த வானம் அன்றைக்குத்தான் திறந்தது. ஏன் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஆனால் அவர் அங்கே இருந்தார். அழுகிறவர்களோடு இருந்தார். அதை என்னால் உணர முடிந்தது.

தை மாதம் வந்தது. உன் கல்லீரலைத்தான் ஆண்டவர் உபயோகிக்கவில்லையே, பொருத்தனை செல்லாது, ஓட வேண்டாம் என்று பலரும் சொன்னார்கள். நான் போய் நின்றேன். சின்னப் பயல்களெல்லாம் புறப்பட்ட வேகத்தில் தூசிதான் மிஞ்சியது. ஓடினேன், நடந்தேன், மறுபடியும் ஓடினேன். மூச்சை இழுக்கும்போது இயேசுவே என்று வந்தது. விடும்போது சொல்ல அந்தத் தாயின் பெயர் தெரியாது. அம்மா என்று சொன்னேன். பத்து கிலோமீட்டரும் அப்படியே போனேன். நான் போய்ச் சேரும்போது தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் தவிர யாரும் வரவில்லை. மெர்சி மட்டும் நின்று கை தட்டினாள், அழுதுகொண்டே.

கிருமி தொற்றிவிடும் என்று கூட்டத்துக்குள் செல்வி வரக் கூடாது. போனில்தான் கூப்பிட்டாள்.

"அண்ணே, முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்ட்டி."

"அண்ணே, ராத்திரி குடும்ப ஜெபத்துல சின்னவ கேக்கா. ஈரல் குடுத்த அந்த அண்ணன் பேரு என்னம்மா, பேரு தெரியாம எப்படி ஜெபிக்கன்னு கேக்கா. நான் என்ன சொல்லட்டும்?"

"ஆண்டவருக்குத் தெரியும்னு சொல்லு" என்றேன்.

இப்போதும் விடிந்ததும் ஓடுகிறேன். நானும் மெர்சியும் செத்தால் எங்கள் உடம்பில் உதவுவதை எல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். என் ஓட்டத்தால் என் தங்கை பிழைக்கவில்லை, என் உபவாசத்தாலும் இல்லை. இரக்கத்தால் பிழைத்தாள். அந்த இரக்கம் ஒரு வீட்டுக் கண்ணீர் வழியாக வந்தது. இதை வாசிக்கிறவர்களே, நீங்களும் துணிந்து கேளுங்கள், அவர் கேட்கிறார். கிடைத்த பிறகு உடனே எழுந்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் முழங்காலில் நில்லுங்கள்.

இதை வாசிக்கிறவர்களில், போன வருடம் ஆடி மாதக் கடைசியில் மகனைச் சாலையில் பறிகொடுத்து, அழுதுகொண்டே சம்மதம் சொன்ன தாய் ஒருத்தி இருந்தால், அம்மா, நீங்கள் எந்த மதமோ, எந்த ஊரோ, எங்களுக்குத் தெரியாது. அம்பாசமுத்திரத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் தினமும் ராத்திரி உங்கள் மகனுக்காகத் தலை குனிகிறார்கள். அவன் பெயரை மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள்.