சாமிக்கு விட்ட செவலைச் சேவல்

பஞ்சாயத்து யூனியன்கள் புதிதாக வந்திருக்கும் சமயம் இது. போன வருஷம் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு அரசாங்கத் திட்டங்களை விளக்கும் கிராமசேவிகாவாக நான் வேலை பார்த்தேன். அங்கே நடந்ததை வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான்:

1. நான் குடியிருந்த வீட்டுக்கு ஒரு வெள்ளைச் சேவலைக் கொண்டுவந்தேன்.
2. அதைத் தனியே அடைத்து வைக்கவில்லை.
3. அந்த வீட்டுச் செவலைச் சேவலுக்கு ஒரு கண் போயிற்று.
4. அடுத்துப் பொரித்த குஞ்சுகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன.
5. ஒரு குழந்தைக்கு முடி எடுப்பது நின்றுபோயிற்று.

ஒன்றுக்கும் ஐந்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். எனக்கும் வெகுநாள் தெரியாமல்தான் இருந்தது.

நாட்டுச் சேவல்களைக் கொடுத்தால், அரசாங்கப் பண்ணையிலிருந்து லெகார்ன் என்ற வெள்ளைச் சீமைச் சேவல் ஒன்று தருவார்கள். நாட்டுக்கோழியோடு சேர்ந்தால் அதன் குஞ்சுகள் பெரியவையாகி நிறைய முட்டையிடும் என்பது திட்டம். மாதர் சங்கத்தில் இதை விளக்கினேன். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர் என் வீட்டுக்கார அக்கா. அவருடைய வீட்டின் பக்கவாட்டு அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். அன்று சொன்னவற்றில் ஒன்று, “நேர்த்திக்கடனுக்கென்று கிழட்டுச் சேவலை வைத்துக்கொண்டு தீனியை வீணாக்காதீர்கள்” என்பது. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

முதல் சேவலை அக்கா வீட்டுக்கே கொண்டுவந்தேன். பஸ்ஸில் மடியில் கூடையை வைத்துக்கொண்டு வந்த என்னைப் பார்த்ததும் அக்கா வாசலுக்கு ஓடி வந்தார். “மருமகன் வந்தப்பக்கூட உங்கக்கா இப்படி ஓடுலீங்க, அம்மணி” என்றார் அவருடைய கணவர்.

பதிலுக்கு இரண்டு இளஞ்சேவல்களைக் கொடுத்தார் அக்கா. செவலையையும் கொடுக்க வேண்டும் என்றேன். ஒரே முற்றத்தில் இரண்டு சேவல் ஆகாது.

“அது இருக்கட்டுங்க கண்ணு. பழகிப்போச்சு.”

வளர்த்த பாசம் என்று நினைத்து, வற்புறுத்தவில்லை. ஆனால் புதுச் சேவலைக் கொஞ்ச நாளாவது கூடையில் கவிழ்த்து வைக்க வேண்டும் என்றேன். நோய் எதுவும் இருந்தால் தெரிந்துவிடும். பழைய கோழிகளும் தூரத்திலிருந்து பார்த்துப் பழகும்.

“ஏனுங்க அம்மணி, நம்ம ஊட்டுக்கு வந்ததைத் தனியா அடைச்சு வெப்பாங்களா?” என்று சொல்லிக்கொண்டே அக்கா கூடையைத் திறந்துவிட்டார். கம்பு வேறு வாரி இறைத்தார். விருந்தாளியைப் பார்த்து இவனுக்கு நோய் இருக்கலாம் என்று சொல்வதைப்போல் எனக்கே கூச்சமாகிவிட்டது. காலிக் கூடையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் முற்றத்தில் சத்தம் கேட்டு ஓடினேன். செவலை வயதில் மூத்தது. வெள்ளை அதைவிட உயரம். அக்கா ஒரு குடம் தண்ணீரை இரண்டின் மேலும் கொட்டிப் பிரிப்பதற்குள் செவலையின் இடது கண் போய்விட்டது. ரத்தத்தைக் கண்டதும் அதுவரை அதன் பின்னாலேயே திரிந்த பெட்டைகளும் அதையே கொத்த வந்தன. கோழிக் கூட்டத்தில் அது வழக்கம்தான். செவலையைக் கூடைக்குள் தனியே வைத்து, உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சள் பற்றுப் போட்டேன். காயம் ஆறியது. அது கூவுவதை நிறுத்திவிட்டது. வெள்ளைச் சேவல் தின்று முடித்த பிறகே தீனிக்கு வரும்.

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “போகட்டும் உடுங்க கண்ணு” என்பதோடு சரி. ஆனால் செவலைக்குச் சோற்று உருண்டை ஊட்டும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒரு சேவலுக்கா இத்தனை என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் குஞ்சுகள் பொரித்தன. செவலையும் கறுப்புமான பெட்டைகளின் முட்டைகளிலிருந்து அத்தனையும் வெள்ளை. திட்டம் பலித்துவிட்டது. ஜீப்பில் வந்து பார்த்த அதிகாரிகளிடம் நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். அக்கா எல்லோருக்கும் மோர் கொடுத்தார்.

ஆடியில் அக்காவின் மகள் கைக்குழந்தையோடு கோயம்புத்தூர் பக்கம் கணபதியிலிருந்து வந்தாள். அவள் புகுந்த வீடு அங்கே. குழந்தையின் முடி கண்ணை மறைத்தது.

“முடி எப்பத்தான் எடுப்பீங்கன்னு எங்க அத்தை தினமும் கேக்கறாங்க. பேரனுக்குச் சடை பின்னிப் பூ வெச்சுடலாமான்னு குத்திக் காட்டறாங்க” என்றாள்.

“சேவலுக்கு எங்க போறது? கருப்பனுக்கு வெள்ளைக்காரனை ஓட்டிட்டுப் போலாமா?” என்றார் அக்காவின் கணவர். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து போய்விட்டார்.

நான் அக்காவிடம் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். மகள் பிரசவ வலியில் இரண்டு நாள் கிடந்தபோது, பிள்ளையும் தாயும் பிழைத்தால் முதல் முடியைக் கருப்பணசாமி கோயிலில் எடுத்து, தன் வீட்டுச் செவலையை விடுவதாக வேண்டியிருக்கிறார். சாமிக்கு விடுவது ஊனமாக இருக்கக் கூடாது. வெள்ளையாகவும் இருக்கக் கூடாது.

“சந்தையில ஒண்ணு வாங்கலாமுங்களே?” என்றேன்.

“என்ர ஊட்டுல பொரிச்சதுன்னு சொல்லிப்போட்டனுங்களே, அம்மணி.”

“முன்னாலேயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே அக்கா?”

“படிச்ச புள்ளை நீங்க. அன்னைக்குச் சங்கத்துல நேர்ந்துவிட்ட சேவலைப் பத்திச் சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் நான் எப்படிங்க சொல்றது?”

தானும் சிரித்ததை அவர் சொல்லவில்லை. எனக்கு அது நினைவிருந்தது.

இனிப் பொரிப்பதாவது செவலையாக இருக்கட்டும் என்று, மறுநாளே வெள்ளைச் சேவலை ஊரின் மறுகோடியில், சேவலே இல்லாத ஒரு வீட்டில் விட்டேன். அது போனாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு அதன் முட்டைகளே வரும், அவற்றை அடை வைக்க வேண்டாம் என்று சொன்னேன். அதற்குப் பிறகும் செவலை பெட்டைகளின் பக்கம் போகாமல் முருங்கையடியிலேயே நின்றது. ஒரு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அது கூவியதைக் கேட்டு அக்கா என் கதவைத் தட்டினார். இருவரும் முற்றத்தில் நின்று கேட்டோம்.

அதன் பிறகு எனக்குக் கோபிசெட்டிபாளையத்துக்கு மாற்றலாகிவிட்டது. போன மாதம் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு பெட்டை பொரித்ததில் பருந்துக்கும் கழிச்சல் நோய்க்கும் தப்பியது ஒரே ஒரு செவலைக் குஞ்சு. அக்கா அதைப் பிடித்து என் கையில் கொடுத்தார்.

“நீங்க பாத்துச் சொல்லுங்க அம்மணி. சேவல்தானுங்களே?”

கொண்டை இன்னும் எழவில்லை. கால்களைப் பார்த்தேன், இறகைப் பிரித்துப் பார்த்தேன். அவர் கேட்க விரும்பிய பதிலைச் சொல்லத் துணிவு வரவில்லை. “இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க அக்கா” என்றேன். அவர் குஞ்சை வாங்கிக்கொண்டு, எனக்குச் சாப்பாடு போட இலை எடுக்கப் போனார்.

இப்போது கோபியில் எந்த வீட்டுக்குப் போனாலும், தீனி, தண்ணீர், கூண்டு என்று தொடங்குவதில்லை. இதில் சாமிக்கு விட்டது எது என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் காட்டுகிறார்கள். சிலர் என் கையிலிருக்கும் அரசாங்கப் பையைப் பார்த்துவிட்டு, “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர்களைப் பேச வைக்கத்தான் இன்னும் தெரியவில்லை.

கணபதியில் அந்தக் குழந்தை இப்போது நடக்கிறான். முடி இன்னும் எடுக்கவில்லை.