இறால் ஓடும் நாளை யார் கண்டது?

இடம்பெயர்ந்து உடையார்கட்டில் இருந்த காலத்தில் என் முதுமாணிப் பட்ட ஆய்வை எழுதிக்கொண்டிருந்தேன். நந்திக்கடல் களப்பில் இறால் பிடிபடும் காலம் பற்றியது. அதிலிருந்து எடுத்து ஒரு சஞ்சிகைக்கு அனுப்பிய ஆங்கிலக் கட்டுரை, வவுனியா போய்வந்த ஒருவர் கையில் திரும்பி வந்தது.

‘வெள்ளம் இறங்கிய மூன்றாம் நாள் இறால் முகத்துவாரத்துக்கு நகர்வது அவதானிக்கப்பட்டது’ என்ற பொருளில் நான் எழுதிய வசனத்தின் கீழே பென்சிலால் கோடிட்டு, ‘யாரால்?’ என்று சஞ்சிகைக்காரர்கள் கேட்டிருந்தார்கள்.

என் ஆங்கிலம்தான் பிழை என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போகும்வரை தமிழிலேயே படித்தவள் நான். இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வினைச்சொல்லை நாலு விதமாக மாற்றி, புதுக்குடியிருப்பில் தட்டச்சு செய்வித்து மறுபடி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அதே கேள்வியோடு திரும்பி வந்தது.

அப்போதுதான் உறைத்தது. அதை நான் காணவே இல்லை. முள்ளிவாய்க்காலில் கணவரோடு களப்பில் மீன்பிடித் தொழில் செய்யும் ஓர் அக்கா சொன்னது அது. அடுத்த நாள் காலையே சைக்கிளில் போனேன். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“அக்கா, மூண்டாம் நாள் இறால் ஓடுமெண்டு சொன்னனீங்களெல்லோ. ஆர் கண்டதெண்டு கேக்கினம்.”

“நான் கண்டனானெண்டு எழுதுங்கோவன். கலியாணம் முடிச்சு வந்த மாரியிலையிருந்து காணுறன்.” பிறகு ஊசியை நிறுத்தினார். “ஆனால் பிள்ளை, எல்லா வருசமும் மூண்டாம் நாளில்லை. காத்து மாறினால் அஞ்சாறு நாள் செல்லும்.”

“அதை முந்திச் சொல்லேல்லையே?”

“நீங்கள் கேக்கேல்லையே!”

கொப்பியை எடுத்து, மத்தியானம்வரை கேட்டு எழுதினேன்.

திருத்திய கட்டுரையில் ‘களப்பில் தொழில் செய்யும் ஒரு பெண் எனக்குச் சொன்னார்’ என்று எழுதினேன். பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோன்ற சின்ன வசனங்கள் என்று முன்பு வெட்கப்பட்டு ஒதுக்கியவைதான் பிழையில்லாமல் வந்தன. காற்றை நான் அளக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டேன். கடைசியில் இரண்டு பக்கக் குறிப்பாக ஏற்றுக்கொண்டார்கள்.

அச்சுப்பிரதி கிடைத்ததும் அக்காவிடம் கொண்டுபோய்த் தமிழில் சொல்லிக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

“இவ்வளவுதானோ?” என்றார். “நண்டைப் பற்றியும் கனக்கக் கிடக்கு. இருங்கோ, தேத்தண்ணி வைச்சிட்டு வாறன்.”