கூரை அடைக்கும் சோரோல்

இதுவரை முப்பத்தெட்டு ஆட்டுக் கொட்டில்களின் கூரையை அடைத்தாயிற்று. முப்பத்தொன்பதாவதன் மேல் குந்தியிருக்கிறார் குன்சஸ் சோரோல். கையில் குறடு, பற்களுக்கிடையே கட்டுக்கம்பித் துண்டுகள். கீழே நிற்கும் வீட்டுக்காரர் தேநீர் குடிக்க இறங்கி வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். கம்பியைத் துப்பாமலேயே பதில் வருகிறது: "டீ ஆறினா சூடு பண்ணிக்கலாம். ஆடு ஆறிப்போனா?"

லடாக்கில் எங்கள் சுல்தோக் பக்கத்துக் கொட்டில்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். கல் சுவர், பாப்ளார் மரக் கம்புகள், அதன் மேல் வில்லோக் குச்சி, மண். நடுவில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை. ஆடுகளின் மூச்சு அந்த வழியாகத்தான் வெளியே போகவேண்டும், கூரையில் அடுக்கிவைத்த காய்ந்த குதிரைமசால் தீவனம் அந்த வழியாகத்தான் உள்ளே விழவேண்டும். பனிச்சிறுத்தையும் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. இறங்கியபின் அதனால் ஏற முடிவதில்லை.

அந்த ஓட்டையின் மேல் கம்பிவலை கட்டுவதுதான் சோரோலின் வேலை. வயது ஐம்பத்திரண்டு. கணவர் எல்லைச் சாலையில் லாரி ஓட்டுகிறார். சோரோல் ராணுவக்காரர்கள் கழித்துப்போட்ட கோட்டும் முழங்கால்வரை சுற்றிய கம்பளித் துணியுமாகக் கிராமம் கிராமமாக நடக்கிறார். ஒரு வீட்டுக்குப் போனால் ஜூலே என்று வணக்கம் சொல்வதற்கு முன்பே கண் கூரைக்குப் போய்விடும். வேலை நடக்கும்போது கொட்டிலுக்குள் இருக்கும் ஆடுகளை ஓயாமல் திட்டுவார். "பாவம்" என்ற சொல் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "பாவம்னு சொல்றவங்க ஒருத்தரும் ஏணி தூக்க வர்றதில்ல."

மலைமேல் பனிச்சிறுத்தை காட்டாடு ஒன்றை அடித்தால் மற்றவை பாறைகளில் சிதறி ஓடிவிடும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அது பல நாள் அங்கேயே கிடக்கும். கொட்டிலுக்குள் ஓட இடமில்லை. கண் முன்னால் அசைந்துகொண்டே இருப்பதை அது அடித்துக்கொண்டே இருக்கும். "அதுக்குப் பசி ஒரு ஆட்டுக்குத்தான். மிச்சமெல்லாம் பயத்துல அடிக்கிறது. அதுக்கும் பயம், ஆட்டுக்கும் பயம்" என்பார் சோரோல். குளிர்காலத்தில் பெரிய காமிராக்களோடு வந்து தங்குபவர்களில் ஒருவர், அது கர்ஜிக்குமா என்று கேட்டார். "கர்ஜிக்கிறது எங்க துண்டுப் வேலை. ஷானுக்கு அந்தத் தொண்டை கிடையாது."

துண்டுப் அடுத்த வீட்டுக்காரர். ஷான் என்று எங்கள் ஊரில் சொல்லும் பனிச்சிறுத்தையிடம் அவர் இழந்த ஆடுகள் நிறைய. மற்ற எல்லோருக்கும் கட்டியபின்தான் அவருடைய கூரைக்கு வலை கட்ட விட்டார். "வலைன்னா பிய்யாதா அக்கா? பிய்யும். ஒருநாள் பாரு" என்று அன்றைக்கும் சொன்னார்.

எங்கள் ஊரில் ஐந்து வீட்டு ஆடுகளை ஒரு வீடு முறைவைத்து மேய்க்கும். முறை நடக்கும்வரை எல்லாம் அந்த வீட்டுக் கொட்டிலில்தான் அடையும். கட்டுப்பாடு பழையது: ஓநாயோ ஷானோ தானாகக் கொண்டுபோனால் யாரும் பொறுப்பில்லை. முறைக்காரர் கவனக்குறைவால் போனால் ஆட்டுக்கு ஆடு கொடுத்தாகவேண்டும்.

போன லோசர் புத்தாண்டின்போது சோரோலின் முறை. தீனி தள்ளுவதற்காக வலையின் ஒரு பக்கத்தை அவிழ்த்து மடித்தார். அப்போது பழைய ஆண்டின் கெட்டதைத் துரத்தும் தீப்பந்தங்களோடு ஊர் கத்திக்கொண்டு சந்தில் ஓடியது. அவரும் கூரையிலிருந்து இறங்கி ஓடினார்.

விடிந்து பார்க்கும்போது உள்ளே பத்து ஆடுகள் செத்துக் கிடந்தன. ஏழு துண்டுப்புடையவை, மூன்று சோரோலுடையவை. மற்றவை ஒரு சுவரோடு நெரிந்து நின்றன. எதிர்மூலையில் ஷான், தடித்த வாலை மூக்கின்மேல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

துண்டுப் அந்தக் கூரையில் கல் குவித்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படித்தான் முடிப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் ஏறி ஓட்டை வழியாகக் கல் போடுவது. வனத்துறைக்குச் சொல்லியனுப்பியாயிற்று, ஆனால் கணவாயில் பனி. நான்கைந்து பேர் ஏற்கெனவே கையில் கல்லோடு நின்றார்கள்.

சோரோல் ஏணியில் ஏறி வந்தபோது துண்டுப் குரல் தணிந்துதான் பேசினார். "அக்கா, உன்மேல தப்பில்ல. வலையைப் பிச்சுக்கிட்டு எறங்கியிருக்கு. நீ ஒண்ணும் தர வேண்டாம். இதை மட்டும் எங்கிட்ட விட்டுடு."

தலையை ஆட்டியிருந்தால் போதும். ஏழு ஆடுகள் மிச்சம். குற்றம் முழுவதும் ஷான்மேல் போயிருக்கும், வலைமேலும் போயிருக்கும். அதன்பின் எந்த ஊரிலும் யாரும் அவரைக் கூரையில் ஏறவிட மாட்டார்கள்.

சோரோல் மடிந்து கிடந்த வலையின் ஓரத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "எங்க பிஞ்சிருக்கு? காட்டு. நான் அவிழ்த்தேன், திரும்பக் கட்டல."

யாரோ சிரித்தார்கள். "ஊர்க் கூரையெல்லாம் அடைச்சவ வீட்டுலயே ஓட்டையா!"

"ஆமா, என் வீட்டுலதான். சிரிச்சு முடிச்சாச்சுன்னா எறங்குங்க."

"அக்கா, என் ஏழு ஆடு!" துண்டுப்பின் கையில் இன்னும் கல்.

"என் மந்தையில ஏழை நீயே பொறுக்கிக்க. எது வேணும்னாலும். கடன் என்னது, துண்டுப். ஷானோடது இல்ல. கடன்காரி இங்க நிக்கிறேன், நீ கீழ கெடக்கறத அடிச்சா எப்படி?"

கட்டுப்பாடு அவர்களுடையதேதான். ஒவ்வொருவராகக் கல்லைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார்கள். துண்டுப் கடைசியாக இறங்கினார்.

வாசல் கதவைத் திறந்தால் ஆடும் ஷானும் ஒன்றாகச் சந்தில் பாயும். அதனால் சோரோல் ஒரு பாப்ளார் கட்டையை இழுத்துவந்து ஓட்டை வழியாகச் சாய்வாக இறக்கினார். தாமும் இறங்கிவந்து எதிர்வீட்டுச் சுவரோரம் மற்றவர்களோடு நின்றுகொண்டார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சாம்பல்நிறத் தலை ஒன்று கூரைக்குமேல் வந்தது. அடுத்த நொடி அது சுவர் தாண்டி, பாறைச் சரிவில் ஏறி, பாறையோடு பாறையாகிவிட்டது.

துண்டுப் ஏழைப் பொறுக்கினார். எல்லாம் நல்ல பஷ்மினா ஆடுகள். முன்னால் நடக்கும் மணிகட்டிய கிடாவையும் எடுத்துக்கொண்டார். அதன்பின் துண்டுப் சோரோலோடு பேசவில்லை. சோரோல் முன்போலவே கம்பிச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். போகிற இடமெல்லாம் தன் வீட்டில் நடந்ததைத் தானே முதலில் சொன்னார். கூரை கொடுக்க மறுத்தவர்கள் இரண்டே வீட்டார். "அவங்ககிட்ட தை மாசம் திரும்பப் போவேன், பங்குனியிலயும் போவேன்" என்றார்.

நேற்று சுல்தோக்கில் மறுபடி அவருடைய முறை தொடங்கியது. மாலையில் மூன்று வீட்டு ஆடுகள் வந்து அடைந்தன. துண்டுப் அனுப்புவாரா என்று யாருக்கும் தெரியாது. சோரோல் கதவைச் சாத்தாமல் வாசலிலேயே நின்றார். இருட்டத் தொடங்கியபோது துண்டுப் சந்து முனையில் மந்தையோடு வந்து நின்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அந்த ஏழும் மந்தையிலிருந்து பிரிந்து, பழகிய வாசலுக்குள் ஓடிவிட்டன. மற்றவையும் பின்னாலேயே நுழைந்தன.

துண்டுப் வீட்டுக்குப் போகவில்லை. ஏணியில் ஏறி, மண்டியிட்டு, வலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். சோரோல் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மூலையையும் இழுடா."

இன்னும் நான்கு இரவு ஆடுகள் அங்கேதான் அடையும். அதன்பின் துண்டுப்பின் முறை.