ஹேமா ஏன் ஆன்லைன் கேட்டாள்?

மைசூரில் ஒரு பள்ளியில் நான் துணைத் தலைமையாசிரியை. வருடாந்திரப் பயிற்சியை ஆசிரியர்கள் ஆன்லைனில் முடிக்கலாம், நேரிலும் போகலாம். நஞ்சன்கூட்டிலிருந்து வரும் அறிவியல் ஆசிரியை ஹேமா மூன்றாவது வருடமாக ஆன்லைனையே கேட்டாள். கேமராவை அணைத்துவிட்டுச் சமையல் செய்கிறாள் என்று எனக்குச் சந்தேகம்.

“இந்தத் தடவ நேர்லதான் வரணும்.”

“ப்ளீஸ் மேடம், ஆன்லைன்லயே முடிச்சுடறேனே.”

அவள் கெஞ்சக் கெஞ்ச என் சந்தேகம் வலுத்தது. பயிற்சி நாளன்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். பயிற்சியாளரின் முகத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் போர்டு பக்கம் திரும்பியதும் என் நோட்டை எட்டிப் பார்த்தாள். காப்பியடிக்கிறாள் என்று நோட்டை மூடிவிட்டேன்.

“ஹேமா அவரே!” என்று கன்னட மரியாதையில், போர்டில் எழுதிக்கொண்டே கூப்பிட்டார் அவர். இரண்டாம் முறையும் கூப்பிட்டார். ஹேமா அசையவில்லை. பின்னால் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

இடைவேளையில் தனியே கேட்டேன்.

“காது சரியா கேக்காது மேடம். உதட்டப் பாத்துப் புரிஞ்சுப்பேன். ஆன்லைன்ல பேசறது கீழ எழுத்தா வரும். வெளில சொன்னா வேலை போயிடும்னு பயம்.”

நேராகப் பயிற்சியாளரிடம் போனேன். “எனக்குக் காது கொஞ்சம் மந்தம் சார். எங்களப் பாத்தே பேசுங்க,” என்றேன். மதியம் ஹேமா இரண்டு முறை கை தூக்கிப் பதில் சொன்னாள்.

மூன்று வருடத்தில் அவளிடம் ஒரு முறைகூட நான் ‘ஏன்?’ என்று கேட்டிருக்கவில்லை.